பெறாமகனின் உளவியல் மதிப்பீட்டு அறிக்கையை எப்படி வாசிப்பது? சென்னையில் தமிழில் மறுபடி சோதிக்கலாமா?

வன்னிமகள் (ஸ்காபரோ) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் குடும்பம் 2022ஆம் ஆண்டு முடிவில் கிளிநொச்சியிலிருந்து கனடாவுக்கு வந்தது. பெறாமகனுக்கு இப்போது 15 வயது, பத்தாம் வகுப்பில் படிக்கிறான். ஊரில் கொரோனாக் காலத்தில் நெடுநாள் பாடசாலை இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மறுபடியும் பூட்டினார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனுடைய படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. இங்கே சிநேகிதர்களோடு கூடைப்பந்து விளையாடும்போது அவன் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் இங்கேயே பிறந்த பிள்ளை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கனடிய வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மூன்று வரியோடு பேனாவை வைத்துவிடுகிறான். ஆசிரியர்கள் கேட்டதன்பேரில், அக்காவின் சம்மதத்தோடு, கல்விச்சபையின் உளவியலாளர் அவனை மதிப்பிட்டார்.

அறிக்கை சென்ற வாரம் வந்தது. பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவு அளவுகோலில் மொழிவழிப் புரிதல் 72, காட்சி மற்றும் இடம் சார்ந்த திறன் 102, புதிய சிக்கலை ஆராயும் திறன் 97, செயல்நினைவு 83, விரைவு 78, எல்லாம் சேர்த்து 81 என்று இருக்கிறது. அக்காவிடம் ஒரு நீண்ட வினாக்கொத்தையும் கொடுத்திருந்தார்கள். படுக்கையைத் தானே ஒழுங்குபடுத்துவானா, தனக்கு எளிய சாப்பாடு சமைப்பானா, பணத்தைத் தானே கையாளுவானா என்றெல்லாம் கேட்டிருந்தது. அக்கா உண்மையைச் சொல்லி 'இல்லை' என்று அடையாளமிட்டாள். அதில் 70 வந்ததால், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு இல்லையென்று உறுதியாகச் சொல்ல முடியாது என அறிக்கை முடிகிறது. அடுத்த தவணையில் அவனை அடிப்படை நிலைப் பாடங்களுக்கு மாற்றலாம் என்று பாடசாலை சொல்கிறது. அந்தப் பாதை பல்கலைக்கழகத்துக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும்.

இந்த எண்களை எந்த அளவுக்கு நம்புவது? குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்காக எல்லோரும் சென்னைக்குப் போகவிருக்கிறோம். அங்கே தமிழிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்தால் உண்மை தெரியுமா?

அகவை (மார்க்கம்) பதிலளிக்கிறார்:

நான் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற உளவியலாளர். பிள்ளையைப் பார்க்காமல் அவனுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்ல முடியாது. அறிக்கையை வாசிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் 81 என்ற மொத்த எண்ணை ஒதுக்கி வைத்துவிடுங்கள். இந்த அளவுகோலில் சராசரி 100, நியம விலகல் (பிள்ளைகளின் எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு) 15. ஒரே பிள்ளைக்கு ஒரு பகுதியில் 102உம் இன்னொன்றில் 72உம் வந்திருப்பது இரண்டு நியம விலகல் இடைவெளி. இவ்வளவு தூரம் விலகி நிற்பவற்றைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கினால், அந்த எண் அவனிடம் உள்ள எந்தத் திறனையும் விவரிக்காது. இதைப் பெரும்பாலான உளவியலாளர்கள் அறிக்கையிலேயே எழுதுவார்கள்; எழுதாவிட்டால் கேளுங்கள்.

அடுத்தது 72. ஏறக்குறைய மூன்றாவது சதமானம், அதாவது அவன் வயதுக் கனடியப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கடைசியிலிருந்து மூன்றாவது இடம். அந்த நூறு பேரில் பெரும்பாலானோர் பாலர் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர்கள். அவனுடைய இன்றைய ஆங்கிலச் சொல்வளத்தின் அளவாக 72 சரியான எண்ணாகவே இருக்கலாம். அவனுடைய சிந்திக்கும் ஆற்றலின் அளவாக அதை எடுக்க வழியில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979இலேயே அன்றாடப் பேச்சுமொழியையும் பாடமொழியையும் பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கனடாவில் எழுதப்பட்ட 400க்கும் மேற்பட்ட மதிப்பீட்டுக் கோப்புகளைப் படித்த அவர் கண்டதும் நீங்கள் சொல்வதுதான்: பிள்ளை சரளமாகப் பேசுகிறதே என்று நம்பி, மொழி இனித் தடையில்லை என ஆசிரியரும் உளவியலாளரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். உங்கள் பெறாமகன் வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன.

மொழியைத் தாண்டியும் ஒன்று உண்டு. இரண்டு பொருள்களுக்கு என்ன ஒற்றுமை என்று கேட்கும் ஒரு பகுதி இந்தச் சோதனையில் இருக்கிறது. 'இரண்டும் இன்ன வகை' என்று பொதுப்பெயர் சொன்னால் முழுப் புள்ளி, ஒன்றோடொன்று எப்படிப் பயன்படுகிறது என்று சொன்னால் குறைவு அல்லது பூச்சியம். லைபீரியாவில் கெப்பெல்லே விவசாயிகளிடம் மைக்கேல் கோலும் அவருடைய கூட்டாளிகளும் பொருள்களைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னபோது, அவர்கள் கத்தியைத் தோடம்பழத்தோடு சேர்த்து வைத்தார்கள், கத்திதானே பழத்தை வெட்டுகிறது. அறிவுள்ளவன் இப்படித்தான் அடுக்குவான் என்றும் சொன்னார்கள். முட்டாள் எப்படி அடுக்குவான் என்று ஆய்வாளர் கேட்டதும், உணவெல்லாம் ஒரு குவியல், கருவியெல்லாம் ஒரு குவியல் என்று சோதனை எதிர்பார்க்கும் விடையை உடனே அடுக்கிக் காட்டினார்கள். திறன் இருந்தது, எந்த விடைக்குப் புள்ளி என்பதுதான் அவர்களுக்குத் தெரியாதிருந்தது.

விரைவுக்கான 78ஐயும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதில் ஒரு பகுதியில் இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை குறியீடுகளைப் பார்த்து எழுத முடியும் என்று கணக்கிடுகிறோம். பென்சிலில் அழிறப்பர் இருக்காது. ஊரில் நாலு வருடமாவது கொப்பியில் கோடு தாண்டாமல் எழுதிப் பழகிய பிள்ளைகள் என் முன்னால் அழிறப்பரைத் தேடுவதையும், வளைவு சரியாக வரவில்லையென்று அதே கட்டத்தில் மறுபடி எழுதுவதையும், 'மிஸ், கோணலாகிவிட்டது' என்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். மணிக்கூடு அதற்காக நிற்பதில்லை. சோதித்தவர் அவதானிப்புப் பகுதியில் அவன் எப்படி வேலை செய்தான் என்று என்ன எழுதியிருக்கிறார் எனப் பாருங்கள். அந்த ஒரு பக்கத்தை எண்கள் உள்ள அட்டவணையைவிட முக்கியமாக நான் கருதுவேன்.

அக்கா நிரப்பிய படிவத்தைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. அந்த வகைப் படிவம் பிள்ளை ஒன்றைச் செய்கிறானா என்று கேட்கிறது. செய்ய முடியாதவன், செய்யத் தேவைப்படாதவன், செய்ய விடப்படாதவன் மூவருக்கும் ஒரே பூச்சியம்தான். நம் வீடுகளில் 15 வயதுப் பையனைக் குசினிக்குள் விடும் தாய்மார் எத்தனை பேர்? அதே பையன் தாய்க்கு வங்கியில் படிவம் நிரப்புவான், தங்கையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவருவான், குடும்ப வைத்தியரிடம் மொழிபெயர்ப்பான். படிவத்தில் அவற்றுக்குக் கட்டமில்லை, அல்லது யாரும் கேட்கவில்லை. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு என்று சொல்ல வேண்டுமானால் நுண்ணறிவு ஏறத்தாழ 65க்கும் 75க்கும் இடையிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், அன்றாட வாழ்வுத் திறன்களும் உண்மையிலேயே குன்றியிருக்க வேண்டும். மொழி குறைவாகத் தேவைப்படும் பகுதிகளில் 97உம் 102உம் எடுத்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை எப்படித் தொட்டார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். தாயைத் தமிழில் நேர்காணல் செய்து அந்தப் பகுதியை மறுபடி மதிப்பிடும்படி கேட்பதும் நியாயமே.

தமிழ்நதி_உளம் (சென்னை) பதிலளிக்கிறார்:

சென்னையில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். இந்தியாவில் இந்த வேலையைச் செய்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் யாரிடமாவது போய்விடாதீர்கள் என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் நினைக்கும் முறையில் இங்கே வந்து சோதித்தால் 81க்குப் பதில் ஒருவேளை 100 கிடைக்கும். அந்த நூறால் உங்களுக்குப் பயன் இருக்காது. இங்கே இன்னும் பரவலாகப் புழங்கும் மாலின் அளவுகோல் 1969இல் வந்தது, அதுவும் 1949ஆம் ஆண்டு வெக்ஸ்லர் சோதனையைத் தழுவியது. பினே-காமத் சோதனை 1930களில் கன்னடத்திலும் மராத்தியிலும் உருவானது. ஒரு தலைமுறையைவிட அடுத்த தலைமுறை இத்தகைய சோதனைகளில் கூடுதலாகப் புள்ளி பெறுவதை ஜேம்ஸ் ஃப்ளின் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார், பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி. எனவே பழைய நியமங்களோடு, அதாவது அன்று சோதித்த குழந்தைகளின் எண்களை வைத்து வகுத்த ஒப்பீட்டு அளவுகளோடு, ஒப்பிட்டால் யாருக்கும் எண் ஏறித்தான் வரும். மேலும், அந்த நியமங்களுக்கு உட்கார்ந்த குழந்தைகளில் கிளிநொச்சிப் பிள்ளை யாரும் இல்லை. என் பேச்சுத் தமிழில் நான் கேள்வி கேட்டால் உங்கள் பையன் ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு நொடி தயங்குவான். அதே வெக்ஸ்லர் சோதனையைச் சில மாதங்களுக்குள் மீண்டும் எடுத்தாலும் பழக்கத்தால் எண் உயரும். கனடாவில் உள்ளவர்கள் அதை ஏற்கவும் மாட்டார்கள்.

ஆங்கிலச் சோதனையை உள்ளபடியே தமிழில் சொல்லிச் சோதிப்பதும் தீர்வாகாது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஏழைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள், தமிழில் ஒன்றுகூட அப்படியில்லை. சொல்ல அதிக நேரம் பிடிக்கும் எண்கள் நினைவில் குறைவாகத் தங்கும் என்பது வெல்ஷ் மொழி பேசுவோரிடம் 1980லேயே காட்டப்பட்டது. ஆங்கில நியமத்தை வைத்துக்கொண்டு தமிழில் எண்களைச் சொன்னால் பையனுக்கு அநியாயம்தான் நடக்கும். படங்களை மட்டும் கொண்ட சோதனை எல்லாப் பண்பாட்டுக்கும் பொது என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. ரேவன் 1938இல் வெளியிட்ட வடிவச் சோதனையை அப்படித்தான் போற்றினார்கள், ஆனால் ஃப்ளின் கண்ட ஏற்றம் மிகப் பெரிதாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று. பள்ளியும் சூழலும் தொடாத சோதனை என்றால் அது அப்படி ஏறியிருக்காது.

சென்னைக்கு வருவதால் ஒரே ஒரு பயன் உண்டு. தமிழ் வாசிப்பையும் எழுத்தையும் நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து வகுப்புகளாவது ஊரில் படித்த பிள்ளை தமிழை எப்படி வாசிக்கிறான், சொல்வதை எழுதும்போது எங்கே தடுக்குகிறான் என்பதை எண்ணில்லாத குறிப்பாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். கற்றல் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தலைகாட்டும். ஆனால் தமிழில் எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப் போவதால் பிழைகள் குறைவாகவும், வாசிப்பின் வேகக்குறைவு கூடுதலாகவும் தெரியும். எனவே 'பிழையில்லாமல் வாசிக்கிறான்' என்பதோடு நின்றுவிடக் கூடாது.

கொட்டியாரம் (மிசிசாகா) பதிலளிக்கிறார்:

மேலே எழுதிய இருவரும் துறை சார்ந்தவர்கள், நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. ஆனாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் திருகோணமலையிலிருந்து 9 வயதில் இங்கே வந்தவன். வாசிக்கத் திணறியபோது ஆசிரியர்கள், பெற்றோர், தமிழ் வகுப்பு அன்ரி எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: மொழிதான் காரணம், போகப் போகச் சரியாகும். உண்மையில் தமிழ் வகுப்பிலும் நான் வாசிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டு என் முறை வந்ததும் ஒப்புவித்தேன். அதை அன்ரி கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார். கல்லூரிக்குப் போன பிறகுதான், பெரியவர்களுக்கான சோதனையில், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று கண்டுபிடித்தார்கள். பரீட்சைக்குக் கூடுதல் நேரமும், பாடநூலை ஒலிவடிவில் கேட்கும் வசதியும் கிடைத்த பிறகு என் புள்ளிகள் எங்கேயோ போய்விட்டன.

பண்பாட்டைக் கணக்கில் எடுங்கள் என்று எல்லோரும் சொல்லும்போது, ஒரு பிள்ளையின் உண்மையான சிரமத்தை அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. பெற்றோருக்கும் அது ஆறுதல், கல்விச்சபைக்கும் செலவு மிச்சம். வன்னிமகள் அக்கா, '72 பிழை' என்று நிரூபிப்பதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று வரியோடு அவன் ஏன் பேனாவை வைக்கிறான் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வன்னிமகள் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. கொட்டியாரம் தம்பி சொன்னதை வாசித்தபின், ஊரில் அவன் தமிழ் எப்படி இருந்தது என்று அக்காவைக் கேட்டேன். 'கவிதை எல்லாம் பாடமாக்கிச் சொல்லுவான், சொல்வதெழுதல் மட்டும் வராது' என்றாள். சென்னையில் அதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பிள்ளையின் நேர்காணலுக்குப் போன இடத்தில் அக்காவின் நிலையைப் பார்த்து, அவளையும் மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் அண்ணா 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். அண்ணா கூப்பிடுவது இரவில் கேட்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பெறாமகன்தான் பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தான். இப்போது அவளுக்கு மனநோய்க்கான மருந்து வேண்டியிருக்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறது.

இடைநின்றவர் (ரொறன்ரோ) பதிலளிக்கிறார்:

மருத்துவமனைகளிலும் அகதிக் கோரிக்கை சார்ந்த மதிப்பீடுகளிலும் நெடுங்காலமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மருந்து வேண்டுமா இல்லையா என்பது வைத்தியர் முடிவு. அந்த முடிவுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியும்.

மகனை வைத்து மொழிபெயர்ப்பித்தது முதல் தவறு. தற்கொலை எண்ணம் உண்டா என்ற கேள்வியை 15 வயது மகன் வாயால் ஒரு தாயிடம் கேட்க வைத்தால் வரும் பதில் 'இல்லை' என்பதுதான். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதிலும் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு: நான் வணக்கம் சொல்லி அமர்ந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி 'நீங்கள் எந்த ஊர்?' என்பதே. என் ஊரைச் சொன்னால் அவர்களுடைய சித்தப்பாவை எனக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பாதிக் கதை உள்ளே போய்விடும். அக்காவுக்கும் அப்படியிருந்தால் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்; முகமும் ஊரும் தெரியாதவர் என்பதே சிலருக்குப் பேச வாய் திறந்துவிடுகிறது.

இரண்டாவது, 'மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்கிறதா?' என்ற வினாவுக்கு ஓம் என்றால் அதோடு முடிவெடுக்கக் கூடாது. அந்தக் குரல் எப்போது கேட்கிறது, நித்திரைக்குப் போகும் நேரத்திலா, போர் முடிந்த மே 18ஐ அண்டிய நாட்களில் கூடுகிறதா, கட்டளையிடுகிறதா, பயமுறுத்துகிறதா, அல்லது கேட்ட பிறகு மனம் ஆறுகிறதா, வீட்டில் மற்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். இறந்தவரின் குரல் கேட்பது துக்கத்தில் இயல்பாக வரக்கூடியது என்பதை உளமருத்துவமும் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் அண்ணாவோ இறந்தாரென்று உறுதியாகாதவர், துக்கத்துக்கு ஒரு திகதிகூட இல்லாத நிலை அது. போரின் பாதிப்பைத் தனி ஆளுக்குள் மட்டும் தேடாமல் குடும்பம், ஊர் என்ற அளவில் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதிவருகிறார். அதை அறிந்த ஒருவரிடம் அக்கா போனால் நல்லது.

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் பண்பாட்டு நேர்காணல் என்று 16 கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கு என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள், உங்கள் குடும்பத்தார் அதற்கு என்ன பெயர் சொல்வார்கள், இதுவரை யாரிடமெல்லாம் போனீர்கள், கோயிலா, நாட்டு வைத்தியரா, இங்கே வந்ததில் உங்களுக்கு என்ன தயக்கம் என்ற போக்கில் அவை போகும். அக்காவுக்கு அதைப் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். அதைக் கேட்க ஆரம்பித்ததும், தலைப்பாரம், நெஞ்செரிவு, கைகால் உளைவு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அம்மாமார் நிமிர்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நோய் இருந்தால் அதுவும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கொட்டியாரம் சொன்ன எச்சரிக்கை பெரியவர்களுக்கும் பொருந்தும்.

அகவை எழுதுகிறார்:

சொல்வதெழுதல் பற்றிய செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொட்டியாரத்தின் ஆட்சேபமும் சரியானதே. 72ஐ நம்ப முடியாது என்பதால் பிள்ளைக்குச் சிரமமே இல்லை என்றாகிவிடாது. தமிழிலும் எழுத்து தடுக்கியிருந்தால், பார்க்க வேண்டியது கற்றல் குறைபாடு. நல்ல ஆராயும் திறனும் பலவீனமான எழுத்தும் சேர்ந்து நிற்கும் இந்த வடிவத்துக்கு அது பொருந்தவும் கூடும். அதற்கான உதவி வேறு, அடிப்படை நிலைப் பாடங்கள் வேறு. அறிக்கை எழுதியவரிடம் இந்தத் தகவலை எழுத்தில் கொடுத்து, இணைப்புக் குறிப்பு ஒன்று எழுதும்படி கேளுங்கள். ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு மறுபடி சோதித்து, எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கிறான் என்று பார்க்கும் முறையும் உண்டு. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளோடு வேலை செய்த ரூவன் ஃபாயர்ஸ்டைன் வளர்த்தெடுத்தது அது. படிப்பு இடையில் அறுந்த பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமானது.

நடைமுறை பற்றி: ஒன்ராறியோவில் பெற்றோர் எழுத்தில் கேட்டால், பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று தீர்மானிக்கும் ஐ.பி.ஆர்.சி. எனப்படும் குழுவின் முன் அவனைக் கொண்டுபோக அதிபர் கடமைப்பட்டவர். அந்தக் கூட்டத்துக்கு அக்கா போகலாம், தமக்காகப் பேச ஒருவரையும் அழைத்துச் செல்லலாம், முடிவு பிடிக்காவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். ஐ.ஈ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டத்தை அந்தக் குழு கூடும் முன்னரே பாடசாலை தொடங்க முடியும். கூடுதல் நேரம், கணினியில் எழுதும் அனுமதி ஆகியவற்றை அதில் உடனே கேளுங்கள். படிப்பில் இடைவெளி உள்ள மாணவருக்கான எழுத்தறிவு வகுப்பு, சாதாரண ஆங்கில மொழி வகுப்பிலிருந்து வேறானது. அவன் எதில் இருந்தான் என்றும் விசாரியுங்கள். பாடத் தெரிவு முடிவதற்கு முன்னரே அதிபருக்கு அக்காவின் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் திகதி பதிவாகும். கடிதத்தை நீங்களே எழுதுங்கள், இந்த முறை பெறாமகனைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம்.